பத்து இருபதுக்கு அணையும் லேப்டாப்

முதல் நாள் அது அணைந்தபோது தப்பு என்னுடையது என்றுதான் நினைத்தேன். காலால் சார்ஜர் வயரை இழுத்துவிட்டிருப்பேன் என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். வயர் இருந்த இடத்தில்தான் இருந்தது. நிமிரும்போது மேசை விளிம்பில் தலை நன்றாக இடித்தது. திரை கறுத்துக் கிடந்தது. பொத்தானை அழுத்தினேன், எழுந்தது. ஏதோ ஒரு தடவை, போகட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அணைந்தது.

பழைய லேப்டாப் அது. கூடப் படித்த தோழி பெங்களூரில் ஐந்து வருடம் அதில் உழைத்து அதைத் தேய்த்துவிட்டு, புதியது வாங்கியதும் எனக்குக் கொடுத்தாள். பேட்டரி வரும்போதே செத்திருந்தது. சார்ஜரில் இருக்கும்வரை ஓடும், பிடுங்கினால் அந்த நொடியே போய்விடும். போனால் மறுபடி எழுந்து உட்கார இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளும். உள்ளே எதையோ சரிபார்ப்பதாகத் திரையில் எண்கள் ஓடும். அந்த இருபது நிமிடமும் என்னால் உட்கார முடியாது. வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடப்பேன். சொம்பில் தண்ணீர் மொண்டு குடிக்காமலே வைப்பேன். வந்து எட்டிப் பார்த்தால் நாற்பது சதவீதம் என்று காட்டும். மறுபடி நடப்பேன்.

இத்தனை பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. ஐப்பசியில் நான் புருஷன் வீட்டைவிட்டு வந்துவிட்டேன். அங்கே நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. இடது மணிக்கட்டு பனிக்காலத்தில் இன்னும் வலிக்கிறது, அது போதும். வந்து இறங்கிய இடம் சிங்கவரத்தில் நான் பிறந்த வீடு. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நைனா தனியாகச் சோறு வடித்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒன்றரை ஏக்கர் கொல்லையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் பையோடு நின்றதைப் பார்த்து அவர் ஒன்றும் கேட்கவில்லை. உலையில் இன்னும் ஒரு டம்ளர் அரிசி போட்டார்.

மார்கழி தொடக்கத்தில் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். பேசியது முழுக்கச் சித்தப்பா, நைனாவின் தம்பி. எத்தனை நாளைக்குப் பெண் இப்படிப் பிறந்த வீட்டில் இருப்பாள், மாப்பிள்ளையும் இனிமேல் ஒழுங்காக இருப்பதாகச் சொல்கிறார் என்றார். நான் எழுந்து, எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை, யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன் என்றேன். கிடைத்திருந்தது உண்மைதான். ஆனால் முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். பங்குனி வரைக்கும் பார்ப்போம், வேலை நிலைத்தால் நாங்கள் யாரும் வாய் திறக்கமாட்டோம், நிலைக்காவிட்டால் நானே உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் அங்கே விட்டுவருவேன் என்றார். சரி என்று எல்லார் முன்னாலும் தலையாட்டிவிட்டேன். ரோஷத்தில் ஆட்டியது. நைனா அன்று வாயே திறக்கவில்லை.

வேலை இதுதான். பாட வீடியோக்களில் ஆசிரியர் பேசுவதைக் காதில் கேட்டு, படத்தின் அடியில் ஓடுகிற எழுத்தாகத் தட்டவேண்டும். காலையில் கோப்பு வரும். மாலை நான்கு மணிக்குள் முடித்து அனுப்பவேண்டும். சோதனைக் காலத்தில் மூன்று முறை தாமதமானால் அத்தோடு சரி, வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். மாசி பிறப்பதற்குள் எனக்கு இரண்டு தாமதம் ஆகிவிட்டது. இரண்டும் லேப்டாப்பால் வந்தவை. மூன்றாவது வந்தால் வேலை போகும், வேலை போனால் சித்தப்பா வண்டியோடு வந்து நிற்பார். திரை கறுக்கும்போதெல்லாம் அதில் எனக்கு அந்த வீட்டு வாசல்தான் தெரிந்தது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் லேப்டாப் பார்க்கிற கடை இருக்கிறது. செல்போனும் பார்ப்பார்கள், கவரும் விற்பார்கள். கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பது வயது இருக்கும். அவசரம் என்ற வார்த்தையே அவருக்குத் தெரியாது. நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபிறகும் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சார்ஜர் முனையில் மீட்டரை வைத்துப் பார்த்தார். பத்தொன்பது வோல்ட் காட்டியது, சரியாக இருக்கிறது என்றார். செத்த பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கியிருக்கும் கரண்டு வடியட்டும் என்றார். போட்டதும் ஓடியது. நான் நம்பவில்லை. இரண்டு மணி நேரம் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தடவைகூட அணையவில்லை. போகும்போது, சார்ஜர் சொருகுகிற துளை கொஞ்சம் ஆடுகிறது என்று ஈயம் வைத்துப் பற்றவைத்தும் கொடுத்தார்.

மறுநாள் காலை வீட்டில் அணைந்தது.

இரண்டாவது தடவை போனது ஒரு அமாவாசை அன்று. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொண்டு நின்றது. லேப்டாப்பைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு அதற்குள் புகுந்து போனேன். பாய் வேறு சார்ஜர் மாற்றினார். திருகுகளைக் கழற்றி, உள்ளே இருந்த மெமரி அட்டையை எடுத்து, அதன் பித்தளைப் பல்லை ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினார். அங்கே ஓடியது. வீட்டுக்கு வந்தேன், மறுநாள் போய்விட்டது.

மூன்றாவது தடவை நான் கத்திவிட்டேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். பார்க்கத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், விழுப்புரத்துக்கு எடுத்துப்போகிறேன், வேறு எதிலிருந்தோ பிடுங்கிய பழைய சாமானை இதில் வைத்து என்னை ஏமாற்றுகிறீர்கள் என்றேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். கோபம் வந்தால் எனக்கு எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாது, அது சின்ன வயதிலிருந்தே இருக்கிற கெட்ட குணம். பாய் ஒருவரின் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். குமிழ் இல்லாமல் ஒட்டி, தடவிப் பார்த்து, அவரிடம் கொடுத்து அனுப்பினார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

“இங்க வந்தா ஓடுது, அங்க போனா நிக்குது. அப்போ நோவு இதுக்கு இல்லமா. உங்க வூட்டு கரண்டுக்கு.”

மேசைக்குப் பக்கத்தில் அதே போர்டில் ஒரு சின்ன பல்பை எரியவிடச் சொன்னார். லேப்டாப் அணையும்போது பல்பு என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும், அணைகிற நேரத்தை ஒவ்வொரு தடவையும் எழுதி வைக்கவேண்டும். பேட்டரி மட்டும் உயிரோடு இருந்தால் கரண்டு ஒரு நொடி போய் வந்தாலும் லேப்டாப் தாங்கும், இது அந்தக் காலத்து மாடல், புது பேட்டரி சென்னையிலிருந்துதான் வரவேண்டும், சொல்லி வைக்கிறேன், இரண்டு வாரம் ஆகும் என்றார். நான் நன்றிகூடச் சொல்லாமல் இறங்கி வந்தேன். அவரிடம் கத்தியதற்கு இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவரும் ஒன்றும் நடக்காதது போலவே பேசுகிறார், அது இன்னும் கூச்சமாக இருக்கிறது.

வீட்டுக் கரண்டுக்கு நோவு என்றதும் நான் வீட்டையே நோண்ட ஆரம்பித்தேன். கூடத்தில் இருந்த பிளக்கை விட்டுச் சமையல்கட்டிலிருந்து வயர் இழுத்துப் பார்த்தேன். போர்டைக் கழற்றி உள்ளே கருகியிருக்கிறதா என்று மோந்து பார்த்தேன். எர்த் குழி காய்ந்துபோனால் கரண்டு நிலையாக இருக்காது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த குழியைத் தோண்டி, உப்பும் அடுப்புக்கரியும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். நைனா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவரும் இரண்டு குடம் சுமந்துவந்து ஊற்றினார். மறுநாள் லேப்டாப் வழக்கம்போல அணைந்தது. பல்பும் அப்போது மங்கி, ஒரு துடி துடித்து மீண்டது.

நோட்டில் எழுதினேன். பத்து இருபது. எழுந்து வருவதற்குள் மறுபடி, பத்து இருபத்திரண்டு. பதினொன்று ஐம்பது. அடுத்த நாள் பத்து பதினெட்டு, பன்னிரண்டு ஐந்து. அதற்கடுத்த நாள் மறுபடி பத்து இருபது. பத்தேகால் ஆனாலே எனக்குக் கால் ஆட ஆரம்பித்துவிடும். தட்டுகிற விரல் நின்றுவிடும். பல்பையே பார்த்துக்கொண்டு இருப்பேன். அணைவதைவிட அணையப்போகிறது என்று காத்திருப்பது பெரிய கொடுமையாக இருந்தது. ஒரு நாள் பத்தேகாலுக்கு எழுந்து தெருவில் போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மாவு மில் ஓடுகிறதா, எங்காவது வெல்டிங் வைக்கிறார்களா, யார் வீட்டிலாவது பெரிய மெஷின் போடுகிறார்களா என்று. ஒன்றும் இல்லை. வெறும் வெயில்தான் இருந்தது. திரும்பி வந்தால் லேப்டாப் அணைந்து கிடந்தது.

இப்படியே ஒவ்வொரு நாளும் நான்கு மணிக்கு ஐந்து நிமிடம், இரண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பிக்கொண்டு, சோதனைக் காலத்தின் கடைசி நாளுக்கு வந்து சேர்ந்தேன். அன்று வரும் கோப்பைச் செஞ்சியில் பாய் கடையிலேயே உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று திட்டம் வைத்திருந்தேன். ஆனால் அன்றைக்கு அவர் சாமான் எடுக்கச் சென்னைக்குப் போகிறார், கடை திறக்காது என்று முந்தின நாள்தான் தெரிந்தது. என் பேட்டரியையும் அப்போதே கொண்டுவருவாராம். ஒரு நாள் முன்னால் போயிருக்கக்கூடாதா என்று அவர் மேலேயே கோபம் வந்தது.

ஒன்பது மணிக்குக் கோப்பு வந்தது. வழக்கத்தைவிட நீளம், வேதியியல் பாடம். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திக் கேட்கவேண்டியிருந்தது. நைனா கஞ்சி குடித்துவிட்டு, போனை என் போர்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போயிருந்தார். ஒன்பதே முக்காலுக்கு அந்தப் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் சித்தப்பா. நான் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் போனில் அழைப்புப் பட்டியல் வந்து நின்றது. மேலே சித்தப்பா பேர். அதற்குக் கீழே அன்று விடியற்காலை போன ஒரு அழைப்பு, அதற்குக் கீழே முந்தின நாள் அழைப்புகள், எல்லாம் ஒரே பேருக்கு. மோட்டார், மோட்டார், மோட்டார். பேருக்குப் பக்கத்தில் நேரம் இருந்தது. பத்து பதினெட்டு. பத்து இருபது. பதினொன்று ஐம்பத்தைந்து.

என் நோட்டு பக்கத்தில்தான் திறந்திருந்தது. விரலால் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் இருந்தது. நான் எழுதி வைத்திருந்த நேரம் ஒன்றுகூடத் தப்பவில்லை.

எங்கள் பக்கத்தில் கொல்லை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நைனாவுடையது போர்வெல் மோட்டார், பூமிக்குள்ளே கிடக்கும், ஓடினால் சத்தமே கேட்காது. கொல்லையின் அந்தக் கோடியில் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு சிம் கார்டு. அந்த நம்பருக்குப் போன் செய்தால் மோட்டார் ஓடும், மறுபடி செய்தால் நிற்கும். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே தண்ணீர் பாய்ச்சலாம். மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்டு வேண்டும். அந்த மாதம் அது விடியலில் வந்து பத்து மணிக்குப் போய்விடும். அதற்கப்புறம் வீட்டுக்கு எரிகிற கரண்டு மட்டும்தான் இருக்கும். அதிலேயே மோட்டாரை இழுத்து ஓட்டுவதற்குக் கண்டன்சர் என்று ஒரு டப்பா மாட்டிக்கொள்வார்கள். செய்யக்கூடாத காரியம். பல கொட்டகைகளில் அது உண்டு, கேட்டால் இல்லை என்பார்கள். கண்டன்சரில் மோட்டார் கிளம்புகிற நொடியில் அந்த லைனில் இருக்கிற வீட்டுக் கரண்டெல்லாம் ஒரு முழுங்கு உள்ளே போய்விடும். பல்பு மங்கி மீளும், ஃபேன் தயங்கிச் சுற்றும். செத்த பேட்டரியோடு இருக்கும் லேப்டாப் மட்டும் மீளாது.

பத்து வருடமாக அந்த டப்பா கொட்டகையில் இருக்கிறது. நான் பார்த்து வளர்ந்த டப்பாதான். ஆனால் ஊர் முழுக்க மெஷின் தேடியபோது சொந்தக் கொல்லையை நான் எட்டிப் பார்க்கவில்லை. கோபத்தைவிட முதலில் வந்தது சிரிப்பு. பாவம், நைனாவுக்குத் தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பாரே, போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தேன்.

நைனா வாய்க்காலில் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். மணிலா, அதாவது வேர்க்கடலை, அப்போதுதான் பூ உதிர்ந்து விழுது இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மண் காய்ந்தால் விழுது உள்ளே போகாது, காய் பிடிக்காது. நான் போனைக் காட்டி, நைனா, என் லேப்டாப்பை அணைப்பது உன் மோட்டார்தான் என்று சொன்னேன். ஏதோ பெரிய கண்டுபிடிப்பைச் சொல்கிற சந்தோஷத்தில்தான் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் தள்ளினார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் நீட்டிய போனைத் தாழ்த்தினேன். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“ரெண்டாவது நாளே தெரிஞ்சிடுச்சி” என்றார். “நான் வாசல்ல நின்னு போன் போட்டேன், நீ உள்ள போச்சுன்னு கத்துன. மறுநாளும் அப்பிடியே ஆச்சி.”

எர்த் குழிக்குத் தண்ணீர் சுமந்தாயே என்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, எத்தனை தடவை செஞ்சிக்கு ஓடினேன், ஒரு மனுஷனை எல்லார் முன்னாலும் திட்டிவிட்டு வந்தேன், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் மணிலாச் செடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அந்த வேல போய்ட்டா நீ உன் வூட்டுக்குப் போய்டுவன்னு நெனச்சேன். எனக்கப்புறம் உனக்கு யாரு இருக்காங்க? வேணும்னு உன் லேப்டாப்ப நிறுத்தல நான். தண்ணி பாய்ச்சனும், பாய்ச்சினேன். சும்மா இருந்துட்டேன், அவ்ளோதான்.”

“அந்த வூட்ல எனக்கு இன்னா நடந்துதுன்னு உனக்குத் தெரியுமில்ல நைனா?”

“தெரியும்” என்றார்.

எனக்கு அவரை அடிக்கவேண்டும்போல இருந்தது. இதை எழுதுவதற்கு வெட்கப்படவில்லை. அடித்தவனிடம் என்னைத் திருப்பி அனுப்ப என் அப்பா மோட்டாருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இல்லை, போன் போட்டது பயிருக்காக, அதுவும் உண்மை. இரண்டும் உண்மையாக இருந்ததுதான் தாங்கவில்லை. அவர் முழுக்கக் கெட்டவராக இருந்தால் நான் ஒரு கத்து கத்திவிட்டு முடித்திருப்பேன்.

மணி பத்தாகிவிட்டது. கொட்டகைக்குப் போய், மெயின் போர்டில் இருந்த மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கினேன். துப்பட்டாவில் முடிந்துகொண்டேன். அவர் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார், தடுக்கவில்லை. இன்றைக்குத் தண்ணீர் விடாவிட்டால் விழுது காய்ந்துவிடும் என்று மட்டும் சொன்னார். நான்கு மணிக்கு அப்புறம் விட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அவருடைய போனும் என் கையிலேயே வந்துவிட்டது.

பத்து இருபது வந்தது. பல்பு அசையாமல் எரிந்தது. பத்து இருபத்திரண்டும் போனது. எந்த நேரத்துக்காக இத்தனை நாள் நடுங்கினேனோ அந்த நேரம் சாதாரணமாகக் கடந்துபோனதைப் பார்த்து அழுகை வந்தது. அழுதுகொண்டே வேதியியல் தட்டினேன். நடுவில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், நைனா கொட்டகை நிழலில் குந்தியிருப்பது தெரிந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு வரவில்லை. கூப்பிடலாம் என்று ஒரு மனம், கிடக்கட்டும் என்று ஒரு மனம். கிடக்கட்டும் என்ற மனம்தான் ஜெயித்தது. நானும் சாப்பிடவில்லை.

மூன்று மணி முப்பத்தைந்துக்கு அனுப்பினேன். பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் மேசையைத் துடைத்தேன், நோட்டை மூடினேன், திறந்தேன், வாசலுக்குப் போய் வந்தேன். நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பதில் வந்தது. கோப்பு சரியாக இருக்கிறது, சோதனைக் காலம் முடிந்தது, திங்கட்கிழமையிலிருந்து தொடரலாம் என்று இரண்டே வரி. மூன்று தடவை படித்தேன். சொல்லிச் சந்தோஷப்பட அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், அவரிடம் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. லேப்டாப்பை நானே நிறுத்தி மூடிவைத்தேன்.

பியூஸ் கட்டைகளோடு கொல்லைக்குப் போனேன். செடிகள் வெயிலில் இலையை மடித்துக்கொண்டு நின்றன. நைனா எழுந்தார். ஆச்சா என்று கேட்டார். ஆச்சு, வேலை நிலைத்துவிட்டது என்றேன். தலையை ஆட்டினார். நான் மூன்று கட்டைகளையும் சொருகினேன். அவருடைய போனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நீயே போடு” என்றார்.

என் போனிலேயே மோட்டார் நம்பரைப் போட்டேன். ஒரு மணி அடித்து அறுந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடியும் அறுந்தது. ஸ்டார்ட்டர் பெட்டி கம்மென்று இருந்தது. யார் வேண்டுமானாலும் கூப்பிட்டால் ஓடிவிடக்கூடாது என்று, பதிந்து வைத்த நம்பருக்கு மட்டும்தான் அது ஓடுமாம். எனக்கு அது தெரியாது. நைனா பெட்டி மேல் இருந்த தூசியைக் கையால் துடைத்தார். அப்புறம் சொன்னார்.

“அதுல ரெண்டு நம்பருதான் ஏறும். ஒண்ணு என்து. ஒண்ணு உங்கம்மாது.”

அம்மாவின் சிம் காலாவதியாகி வெகு நாளாகிறது. அந்த நம்பர் இப்போது எந்த ஊரில் யார் கையில் இருக்கிறதோ. அவர்கள் தவறிப்போய் இந்த நம்பரைத் தட்டியிருந்தால் எங்கள் கொல்லையில் தண்ணீர் பாய்ந்திருக்கும். இரண்டு வருடமாக நைனா அதை அப்படியே விட்டு வைத்திருந்தார்.

“எப்பிடி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியாது” என்றார். “உங்கம்மாது எடுத்துட்டு உன்து ஏத்து.”

பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளில் எப்படி என்று போட்டிருந்தது. நைனாவின் போனிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பவேண்டும். முதலில் நீக்கவேண்டிய நம்பர். பார்க்காமலே எனக்குத் தெரிந்த நம்பர் அது. பத்து எண்களையும் தட்டிவிட்டு, அனுப்பாமல் நின்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அனுப்பினேன். நீக்கப்பட்டது என்று பதில் வந்தது. அடுத்து என் நம்பரைத் தட்டி அனுப்பினேன். ஏற்கப்பட்டது என்று வந்தது.

என் போனில் கூப்பிட்டேன். ஒரு மணி அடித்து நின்றது. பெட்டிக்குள் டக்கென்று விழுந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. குழாய் கொஞ்ச நேரம் காற்றை இருமிவிட்டுத் தண்ணீரைத் தள்ளியது. நைனா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை திருப்பப் போனார். நாலு எட்டு வைத்ததும் நின்று, திரும்பாமலே சொன்னார்.

“நாளையிலிருந்து நீயே போடு. உன் வேல முடிஞ்சப்புறம்.”

அன்றைக்கு நான் அவரை மன்னிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இருட்டுகிற வரைக்கும் அவர் மடை திருப்பிக்கொண்டிருந்தார், நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். கடைசிப் பாத்தி நிறைந்ததும் அவர் கையைத் தூக்கிக் காட்டினார். மோட்டாரை நான்தான் நிறுத்தினேன்.